தனியார் பட்டத்தின் விலை: சிங்கப்பூரை முன்வைத்து ஒரு கணக்கு

சிங்கப்பூரில் தனியார் கல்லூரி எனப்படுவது பெரும்பாலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்தை உள்ளூரில் நடத்திக் கொடுக்கும் நிலையம். பாடத்திட்டமும் சான்றிதழும் லண்டனிலிருந்தோ மெல்பர்னிலிருந்தோ பஃபலோவிலிருந்தோ வரும். வகுப்பறையும் கட்டண ரசீதும் உள்ளூருடையவை. விரிவுரையாளர்களில் சிலர் விமானம் ஏறி வந்து இரண்டு வாரம் பாடம் நடத்திவிட்டுப் போவார்கள். பலர் உள்ளூரிலேயே பகுதிநேரமாகக் கற்பிப்பவர்கள். கிளமெண்டி சாலையில் சிங்கப்பூர் நிர்வாகக் கழகம், குவீன்ஸ்டவுன் ஸ்டெர்லிங் சாலையில் நிர்வாக மேம்பாட்டுக் கழகம், தேக்கா சந்தையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய வில்கி சாலையில் கப்லான் என இந்நிலையங்கள் நகரெங்கும் பரவிக் கிடக்கின்றன.

தமிழ்நாட்டில் இதே சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே தனியார் கல்லூரி என்றதும் சொந்த வளாகம், மஞ்சள் பேருந்து, நிர்வாக ஒதுக்கீடு, ரசீதில்லாமல் கைமாறும் நன்கொடை ஆகியவை நினைவுக்கு வரும். சிங்கப்பூரில் நன்கொடை கிடையாது. கட்டணம் முழுவதும் வெளிப்படையாக அச்சிட்டுத் தரப்படும். மூன்றாண்டுப் பட்டம் ஒன்றுக்கு முப்பதாயிரம் வெள்ளியிலிருந்து அறுபதாயிரம் வெள்ளி வரை ஆவது வழக்கம். பாடத்தையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பொறுத்து அது கூடும், குறையும்.

இது அதிக விலைதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கலைப் படிப்புக்கோ பொறியியலுக்கோ குடிமகன் ஒருவர் ஆண்டுக்குக் கட்டுவது எட்டாயிரம் வெள்ளிக்குச் சற்று மேல். அதே இருக்கைக்கு மானியம் இல்லாமல் கட்டணம் போட்டால் அது முப்பதாயிரத்தைத் தாண்டும். ஆகவே தனியார் நிலையம் ஒரு மாணவருக்காகச் செய்யும் செலவு அரசுப் பல்கலைக்கழகத்தின் செலவைவிடக் குறைவு. மாணவரிடம் வாங்கும் தொகையோ அதிகம். இடைவெளியை அங்கே வரிப்பணம் நிரப்புகிறது, இங்கே பெற்றோரின் சேமிப்பு நிரப்புகிறது. அதிகம் கொடுப்பதால் அதிகம் கிடைக்கும் என்ற சந்தைக் கணக்கு இந்தப் பொருளுக்குப் பொருந்துவதில்லை. ஆய்வகம், நூலகம், விடுதி, மாணவர் பரிமாற்றம், வேலைப் பயிற்சி என எதை எடுத்தாலும் குறைவாகக் கட்டுகிறவருக்கே கூடுதலாகக் கிடைக்கிறது.

இப்படி ஒரு சந்தை உருவானதற்குக் காரணம் இடப் பற்றாக்குறை. பல்கலைக்கழக இடங்கள் வேலைவாய்ப்பை மிஞ்சிவிடக்கூடாது என்பது சிங்கப்பூர் அரசின் நெடுநாளைய கொள்கை. 2012இல் பள்ளி முடித்த வயதினரில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினருக்கே மானியத்துடன் கூடிய முழுநேரப் பட்டப்படிப்பு இடம் இருந்தது. அவ்வாண்டு வெளியான அரசுக் குழுவின் பரிந்துரைப்படி 2020க்குள் அதை 40 விழுக்காடாக உயர்த்த முடிவானது. இடைப்பட்ட காலம் முழுவதும், பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயத்தோடு வெளியே வந்து பல்கலைக்கழகக் கதவு திறக்காதவர்கள் போய்ச் சேர்ந்த இடம் தனியார் நிலையங்கள்தான். அவர்கள் சோம்பேறிகளும் அல்லர், மந்தமானவர்களும் அல்லர். வேறொரு நாட்டில் பிறந்திருந்தால் அவர்களில் பலர் தயக்கமின்றி அரசுப் பல்கலைக்கழகத்தில் நுழைந்திருப்பார்கள்.

இந்த வரலாற்றைச் சிங்கப்பூர் நிர்வாகக் கழகத்தின் கதை நன்றாகவே காட்டுகிறது. 1964இல் பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் முயற்சியால், நிறுவன மேலாளர்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கப்பட்டது அது. 1986இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்கள், அடுத்த ஆண்டே மெல்பர்னின் ஆர்எம்ஐடி, பின்னர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகம் என்று கூட்டாளிகள் பெருகினர். 1992இல் கல்வி அமைச்சு, வேலை செய்வோருக்கான திறந்தநிலைப் பட்டப்படிப்பைப் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து நடத்த இக்கழகத்தையே தேர்ந்தெடுத்தது. அந்தக் கிளையிலிருந்து 2005இல் யூனிசிம் என்ற தனியார் பல்கலைக்கழகம் பிறந்தது. 2017இல் அது சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு நாட்டின் ஆறாவது தன்னாட்சிப் பல்கலைக்கழகமாயிற்று, அதாவது அரசு மானியம் பெறும் பல்கலைக்கழகமாயிற்று. 2016இல் பாடம் நடத்திய அதே ஆசிரியர்கள் 2018இலும் நடத்தினார்கள். கட்டடமும் அதே கிளமெண்டி சாலைக் கட்டடம். மாறியது சட்டத்தின் முன் அந்தப் பட்டத்துக்குரிய நிலை.

தமிழுக்கும் அந்த வளாகத்தில் ஓரிடம் உண்டு. யூனிசிம் 2006இல் தமிழ்மொழி, இலக்கியத்தில் இளங்கலைப் பட்டப்படிப்பைப் பகுதிநேரமாகத் தொடங்கியது. அதில் சேர்ந்தவர்கள் பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் சங்க இலக்கியமும் மொழியியலும் படிக்க வந்தவர்கள். உள்ளூரில் தமிழையே முதன்மைப் பாடமாகக் கொண்டு பட்டம் வாங்க, பலகாலம் பேசப்பட்டுவந்த ஒரு வழியை ஒரு தனியார் பல்கலைக்கழகம்தான் திறந்துவிட்டது. தனியார் கல்வியை ஒட்டுமொத்தமாக வணிகம் என்று ஒதுக்குகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பெறுமதியை அளக்கக் கையில் உள்ள நேரான கருவி, பட்டதாரிகள் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு. தனியார் நிலையங்களில் முழுநேரப் படிப்பு முடித்த புதிய பட்டதாரிகளிடம் எடுத்த கணக்குப்படி, ஆறு மாதத்துக்குள் முழுநேர நிரந்தர வேலை பெற்றவர்கள் 2023இல் 58.7 விழுக்காடு; அடுத்த ஆண்டு அது 46.4 விழுக்காடாகச் சரிந்தது. தன்னாட்சிப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு 2024இல் அந்த விகிதம் 79.5. இடைநிலை மாதச் சம்பளம் முன்னவர்களுக்கு 3,500 வெள்ளி, பின்னவர்களுக்கு 4,500 வெள்ளி. தேசிய சேவை முடித்துவந்த பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயதாரிகளில்கூட அவ்வாண்டு நிரந்தர வேலை பெற்றவர்களின் விகிதம் தனியார் பட்டதாரிகளைவிடக் கூடுதலாகவே இருந்தது. பட்டம் வாங்கியவரைவிட வாங்காதவருக்கு வேலை எளிதாகக் கிடைக்கிறது என்பது எந்தப் பெற்றோருக்கும் உறைக்க வேண்டிய செய்தி.

ஆயினும் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு, தனியார் கல்லூரி மாணவரைக் கெடுத்துவிட்டது என்று சொல்வது தவறு. இரண்டு வகை நிலையங்களில் சேர்கிறவர்கள் தொடக்கத்திலேயே வேறுபட்டவர்கள். அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் குரூகரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடம் கிடைத்து, ஆனால் வேறுவேறு கல்லூரிகளில் சேர்ந்த மாணவர்களை அவர்கள் ஒப்பிட்டனர். பெரும்பாலோருக்குப் பெயர்பெற்ற கல்லூரியில் படித்ததால் மட்டும் பிற்காலச் சம்பளம் கூடவில்லை என்பது முடிவு. வசதி குறைந்த குடும்பத்திலிருந்து வந்தவர்கள் இதற்கு விதிவிலக்கு. அவர்களுக்குக் கூடுதல் பயன் இருந்தது. சிங்கப்பூர் நிலைமையை இது முழுவதும் விளக்காது. ஆனாலும் 3,500க்கும் 4,500க்கும் இடையிலுள்ள ஆயிரம் வெள்ளியை முழுக்கக் கற்பித்தலின் கணக்கில் எழுதக்கூடாது என்ற எச்சரிக்கை இதில் இருக்கிறது.

மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் முன்வைத்த கருத்து இங்கே இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு விண்ணப்பதாரரின் திறமை தெரியாது. பட்டம் அதற்கான அடையாளம். அடையாளத்துக்கு மதிப்பு வருவது அதைப் பெறுவது கடினம் என்பதால்தான். தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் நுழைவதே கடினம். அதனால் நுழைந்தார் என்ற செய்தியே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. தனியார் நிலையத்தில் நுழைவது எளிது, சில படிப்புகளில் முடிப்பது மிகக் கடினம். லண்டன் பல்கலைக்கழகத்தின் பொருளியல் தேர்வை வெளிவாரியாக எழுதித் தேறுவது விளையாட்டல்ல. ஆனால் விண்ணப்பங்களைப் புரட்டும் மனிதவள அதிகாரிக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை.

கடைசிவரை படித்தும் சில கதவுகள் சட்டப்படியே மூடியிருக்கும். லண்டன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்றவர் அந்தத் தகுதியைக் கொண்டு மட்டும் சிங்கப்பூரில் வழக்கறிஞராக முடியாது. பிரிட்டனில் நேரில் படிப்பதற்கு ஏற்கப்பட்ட பல்கலைக்கழகங்களின் பட்டியலே 2016 முதல் சேர்வோருக்கு 19இலிருந்து 11ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது. வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளின் பட்டியல் 2020 தொடக்கத்திலிருந்து 160இலிருந்து 103ஆகச் சுருங்கியது. பிள்ளையை எப்படியாவது டாக்டராக்க வேண்டும் என்று இந்தியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ பெருந்தொகை கட்டும் சிங்கப்பூர் இந்தியக் குடும்பங்களை இந்தச் செய்தி நேரடியாகத் தாக்கியது. உரிமம் வேண்டிய தொழில்களில் கல்லூரியின் விலை இரண்டாம் பட்சம். பட்டியலில் பெயர் இல்லையென்றால் பத்தாயிரம் வெள்ளியும் வீண், பத்து லட்சம் வெள்ளியும் வீண்.

இனிச் செலவுக் கணக்கு. எடுத்துக்காட்டுக்குத் தேசிய சேவை முடித்த ஒரு பட்டயதாரியை எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு மாதம் 2,900 வெள்ளிச் சம்பளத்தில் வேலை கிடைக்கும், இரண்டாண்டு முழுநேரத் தனியார் பட்டத்துக்கு 45,000 வெள்ளி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். கட்டணத்தோடு கணக்கு முடிவதில்லை. படிக்கும் 24 மாதங்களில் அவர் இழக்கும் சம்பளம் 69,600 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 1,14,600. பட்டத்தால் மாதம் 600 வெள்ளி கூடுதலாக வரும் என்றால், போட்ட பணம் திரும்ப 191 மாதங்கள், அதாவது ஏறக்குறைய 16 ஆண்டுகள் பிடிக்கும். இதில் வட்டி சேரவில்லை. பட்டயதாரியாகவே இருந்திருந்தால் அவ்விரண்டு ஆண்டில் வந்திருக்கக்கூடிய சம்பள உயர்வும் சேரவில்லை.

அதே இளைஞர் வேலையை விடாமல் மாலை வகுப்பில் அதே 45,000 வெள்ளிப் பட்டத்தைப் படித்தால், இழக்கும் சம்பளம் இல்லை. 600 வெள்ளிக் கூடுதலால் கட்டணம் 75 மாதங்களில் திரும்பிவிடும், ஆறேகால் ஆண்டு. அவருக்குத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, ஆண்டுக்கு 8,500 வெள்ளி வீதம் நான்காண்டு படித்தால் கட்டணம் 34,000, இழந்த சம்பளம் 1,39,200. தொகை பெரியதுதான். ஆனால் மாதம் 1,600 வெள்ளி கூடுதலாக வருவதால் ஒன்பது ஆண்டில் கணக்கு நேராகிவிடும். மூன்று வழிகளில் மிக மோசமானது, இரண்டே ஆண்டில் முடிந்துவிடும் என்று விளம்பரப்படுத்தப்படும் முழுநேரத் தனியார் வழி. படிப்பின் கால அளவைக் குறைத்துக் காட்டி விற்பதில் இந்த உண்மை மறைந்துபோகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் கணக்கை மாற்றும். மத்திய சேம நிதியின் கல்விக் கடன் திட்டத்தில் பெற்றோர் தம் சாதாரணக் கணக்கிலிருந்து பிள்ளையின் கட்டணத்தைக் கட்டலாம். மாணவர் படிப்பை முடித்த ஓராண்டுக்குப் பின், 2.5 விழுக்காட்டு வட்டியோடு, அதிகபட்சம் 12 ஆண்டுகளில் அதைப் பெற்றோரின் கணக்கிலேயே திருப்பிச் செலுத்த வேண்டும். இந்த வசதி தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களின் மானியப் படிப்புகளுக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்கும் உண்டு. லாசால் கலைக் கல்லூரி, நன்யாங் நுண்கலைக் கழகம் ஆகியவற்றின் மானியப் படிப்புகளுக்கும் உண்டு. வெளிநாட்டுப் பட்டம் நடத்தும் தனியார் நிலையங்களுக்குக் கிடையாது. அங்கே சேர வங்கிக் கடன் வாங்க வேண்டும், அல்லது ரொக்கச் சேமிப்பைக் கரைக்க வேண்டும்.

லாசாலைத் தனியே பார்ப்பது நல்லது. 1984இல் பிரதர் ஜோசப் மெக்னல்லி தொடங்கிய இக்கல்லூரி, 2007 முதல் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் அவர் பெயரையே தாங்கிய மெக்னல்லி தெருவில் இயங்குகிறது. தனியார் கல்லூரிதான்; ஆனால் அரசு உதவி பெறுவது. 2024இல் அதுவும் நன்யாங் நுண்கலைக் கழகமும் இணைந்து சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. கலை படிப்பவரைச் சம்பளக் கணக்கால் மட்டும் எடைபோடுவது சரியாகாது. அங்கே விலைக்கு வாங்கப்படுவது நேரமும் கூடமும் கருவிகளும் சக கலைஞர்களும். அவற்றை வேறெங்கும் வாங்க முடியாது.

தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை, மொத்தப் புள்ளிவிவரம் ஏமாற்றும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 25 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் 41.3 விழுக்காடு. எல்லா இனங்களையும் சேர்த்த விகிதத்தைவிட இது உயர்வு. ஆனால் பட்டத்தோடு வந்து குடியேறிய நிரந்தரவாசிகளும் புதிய குடிமக்களும் இதில் அடக்கம். மூன்று நான்கு தலைமுறையாக இங்கேயே வாழும் உழைக்கும் குடும்பங்களின் நிலை இந்த உயரத்தில் இல்லை. 1991இல் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா தொடங்கப்பட்டதே அந்தக் கவலையில்தான். இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதம் ஒரு வெள்ளி முதல் முப்பது வெள்ளி வரை பிடிக்கப்படும் தொகையில் அதன் துணைப்பாட வகுப்புகளும் கல்வி உதவியும் நடக்கின்றன. பதினாறு வயதில் கிடைக்கும் அந்தத் துணைப்பாடம் பலருக்கு இருபத்திரண்டு வயதில் 45,000 வெள்ளி கட்ட வேண்டிய தேவையையே இல்லாமல் ஆக்கியிருக்கிறது. இந்த வகையில் சிங்கப்பூர்த் தமிழ்ச் சமூகம் செய்த சிக்கனமான முதலீடு அது.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற பெருமைக்கு விலை உண்டா என்று கேட்கலாம். உண்டு, அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. 2013இல் அப்போதைய அமைச்சர் காவ் பூன் வான், வேலை கிடைக்காவிட்டால் பட்டத்தை வைத்துக்கொண்டு தின்ன முடியாது என்ற பொருளில் பேசியபோது எழுந்த முணுமுணுப்புக்குக் காரணம் அந்தப் பெருமைதான். மறு ஆண்டு, இந்திராணி ராஜா தலைமையிலான குழு பட்டயதாரிகள் வேலையில் சேர்ந்தபடியே மேலே படிக்கலாம் என்று பரிந்துரைத்தது. தங்கள் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர்கள் பிறர் பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரை என்று பலர் அதைக் கேட்டனர். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அறிவுரையிலும் உண்மை இருந்தது.

நிலையமே கவிழ்ந்துவிடும் ஆபத்தும் விலையில் சேரும். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007இல் சிங்கப்பூரில் சொந்த வளாகம் திறந்து, பதினைந்தாயிரம் மாணவர்கள் என்ற கனவோடு தொடங்கி, 148 பேர் மட்டுமே சேர்ந்த நிலையில் ஒரே பருவத்தில் மூடிவிட்டது. 2009இல் புரூக்ஸ் பிசினஸ் ஸ்கூல் என்ற நிலையம் ஆர்எம்ஐடியின் பெயரில் போலிப் பட்டங்கள் கொடுத்தது அம்பலமாகி, கல்வி அமைச்சு அதை மூட வைத்தது. அந்த ஆண்டே தனியார் கல்விச் சட்டம் வந்தது. நிலையங்கள் பதிவுசெய்தாக வேண்டும். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க எடுடிரஸ்ட் சான்று வேண்டும். கட்டணத்துக்குக் காப்புறுதி போன்ற பாதுகாப்பு வேண்டும். ஆயிரத்துக்கும் மேலிருந்த நிலையங்கள் சில ஆண்டுகளில் முந்நூறு அளவுக்குக் குறைந்தன. ஆனால் பதிவுச் சான்று பாடத்தின் தரத்துக்கு அரசு தரும் முத்திரை ஆகாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சில முகவர்கள் வேண்டுமென்றே குழப்புகிறார்கள்.

முகவர் பேச்சை நம்பித் தமிழ்நாட்டிலிருந்து வரும் மாணவரின் நிலை எல்லாரையும்விடக் கடினம். தனியார் நிலையங்களில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் பெரும்பாலோர் படிக்கும்போது பகுதிநேர வேலைகூடப் பார்க்கக்கூடாது. லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்து செலவைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர் சட்டத்தை மீறியாக வேண்டும், இல்லையேல் ஊரிலிருந்து பணம் வரவழைக்க வேண்டும். படித்து முடித்தபின் எம்ப்ளாய்மென்ட் பாஸ் பெற 2025 முதல் குறைந்தது 5,600 வெள்ளிச் சம்பளம் வேண்டும். தனியார் பட்டதாரியின் இடைநிலைச் சம்பளமோ 3,500. அதற்குக் கீழே உள்ள எஸ் பாஸ் நிறுவனத்தின் ஒதுக்கீட்டுக்கு உட்பட்டது, முதலாளி மாதத் தீர்வையும் கட்ட வேண்டும். நிலம் விற்று வருபவருக்கு இந்தக் கணக்கு எந்தப் பக்கம் கூட்டினாலும் நிற்காது.

ஆக, ஏற்கெனவே வேலையில் இருந்து, பதவி உயர்வுக்குப் பட்டம் என்ற ஒரே தடை குறுக்கே நிற்பவருக்கு மாலைநேரத் தனியார் பட்டம் காசுக்கேற்ற பொருள்தான். முழுநேரப் பட்டதாரிகளை மட்டும் எண்ணும் கணக்கெடுப்பில் இவர்கள் தென்படுவதில்லை; ஆனால் தனியார் கல்வி உண்மையில் பயன்பட்டது இவர்களுக்குத்தான். கடன் வாங்கி, வேலை அனுபவம் இல்லாமல், முழுநேரமாகப் பொது வணிகப் பட்டம் படிக்கப் போகிறவருக்கு அது பெறுமதியானதல்ல. இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு மறுபடி தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பது அவருக்கு நல்லது.

எப்படியிருந்தாலும், சேரும் முன் ஒப்பந்தத்தை வாசிக்க வேண்டும். எல்லாப் பதிவுபெற்ற நிலையங்களும் ஒரே மாதிரியான ஒப்பந்தப் படிவத்தைப் பயன்படுத்துகின்றன. அதன் இறுதியில் நான்கு அட்டவணைகள் உண்டு. முதலாவது படிப்பின் விவரம். பட்டம் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் என்பதை அங்கே பார்க்கலாம். இரண்டாவது கட்டணம். மூன்றாவதில் மறுதேர்வுக் கட்டணம் போன்ற இதர செலவுகள் இருக்கும். விளம்பரத்தில் வராத தொகைகள் இங்கேதான் உட்கார்ந்திருக்கும். நான்காவது, பணம் திருப்பித் தரும் விதி. இரு தரப்பும் கையெழுத்திட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் எழுத்துமூலம் விலகிக்கொண்டால், வகுப்பு தொடங்கியிருந்தாலும்கூட, அந்த நான்காம் அட்டவணையில் குறித்துள்ள அதிகபட்ச விழுக்காட்டை நிலையம் திருப்பித் தந்தாக வேண்டும்.